லிங்க்ட்இன் இருக்கக் கவலை ஏன்?

சுங்கை சிப்புட்டில் வீட்டு அறையிலேயே கணினி வைத்து, கல்யாணப் பத்திரிகையும் திருவிழா பேனரும் வடிவமைத்துப் பிழைக்கும் தம்பி தங்கைகளே, இனி உங்களுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் இல்லை. 2003-லேயே லிங்க்ட்இன் என்ற தொழில் தொடர்புத் தளம் வந்துவிட்டது. 2016-இல் மைக்ரோசாப்ட் அதை 26.2 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உங்களுக்கு ஐந்நூறு வெள்ளி வேலை தேடித் தரத்தான் இவ்வளவு கொட்டினார்கள் என்றால், அந்தக் கருணையை என்ன சொல்ல!

நம் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தனுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பால்மரத் தொழிலாளர்களைச் சேர்த்தார். முகம் பார்த்துப் பேச வேண்டிய அவலம்! அதில் கிடைத்ததும் தோட்டங்கள் மட்டும்தான். ஒரு லைக் உண்டா?

லிங்க்ட்இன்னில் உட்கார்ந்த இடத்திலேயே 30,000 பேர்வரை சேர்க்கலாம். 500-ஐத் தாண்டினால் '500+' என்று மட்டும் போட்டு உங்கள் அடக்கத்தையும் காப்பாற்றுகிறார்கள். "வேலை தேடுகிறேன்" என்று எழுதிப் பாருங்கள். வேலை தேடும் இன்னொருவர் உடனே கைதட்டுவார். பணியாண்டு வாழ்த்தை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், தட்டினால் போதும். உங்கள் கைவேலையைக் கண்ணால் பாராதவரும் உங்கள் திறமைக்குச் சான்று தரலாம். இப்படியொரு நம்பிக்கை சொந்த மாமாவிடம்கூடக் கிடைக்காது.

முன்பு தோட்ட வேலைக்கு ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணி பாவம், விவரமில்லாதவர். ஆள் வேலைக்கு இறங்கினால்தான் அவருக்குத் தலைக்காசு. லிங்க்ட்இன் அவ்வளவு அற்பமாகக் கணக்குப் பார்ப்பதில்லை. உங்களுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிரீமியம் சந்தாவை ஒரே முகத்தோடு பெற்றுக்கொள்கிறது. உங்கள் பக்கத்தை எட்டிப் பார்த்தவர்களில் பெயரை மறைக்காதவர்களின் பட்டியலையும் அதற்குப் பதிலாகத் தருகிறது.

அறிவியலும் நம் பக்கம்தான். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடத்திய ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே பழகியவர்கள் மூலம் வேலை மாற்றம் கூடுதலாக நடக்கிறதாம். அது சம்பள வேலைக்குப் போவோரைப் பற்றியது, பேனர் அடிப்போரைப் பற்றியதல்ல என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூர் நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதித் தருகிற சிலருக்கு அங்கே உண்மையாகவே வாடிக்கையாளர் கிடைத்துவிடுவதுண்டு. இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் அப்படிச் சில தவறுகள் நேரத்தான் செய்யும்.

நம் ஊரில் இன்னும் சிலர் திருந்தவில்லை. "அண்ணே, போன வருசம் திருவிழாவுக்குப் பேனர் செஞ்ச தம்பி நம்பர் இருக்கா?" என்று சாப்பாட்டுக் கடையில் கேட்கிறார்கள். நம்பர் வாட்ஸ்அப்பில் போகிறது, அன்று மாலையே முன்பணம் வருகிறது. சுயவிவரம் இல்லை, சான்று இல்லை, ஊக்கமூட்டும் பதிவு ஒன்றுகூட இல்லை. இதெல்லாம் ஒரு தொழில்முறையா?

ஆகவே, செய்த வேலையை நாலு பேருக்குக் காட்டி, பழைய வாடிக்கையாளரை நலம் விசாரித்து, நேரத்தை வீணாக்காதீர்கள். இன்றே சந்தா கட்டுங்கள். மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வாடகை கேட்டால், இந்த வாரம் உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டுங்கள். மீதிச் சில்லறையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.