மைனஸ் 15-ல் ஒரு ஃபேன்

ஸ்கார்பரோ, டொராண்டோ
தை மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,



வெளியே மைனஸ் 15. மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கிறது. இந்தக் குளிரில் உங்கள் மருமகன் கடை கடையாக ஏறி ஃபேன் விலை விசாரிக்கிறான் என்று கேட்டால், "பயலுக்குக் கோட்டி பிடிச்சிட்டு, கோமதியம்மன் கோயில் புத்துமண்ணை அனுப்பிப் பூசச் சொல்லு" என்றுதான் அத்தை சொல்லுவாள். அதற்கும் வழியில்லை. மண் என்றால் இந்த ஊர் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். பிரசாதம் என்று அந்த அதிகாரிக்கு யார் விளக்குவது?

ஃபேன் எங்களுக்கு இல்லை மாமா, விளக்குக்கு. விளக்கு செடிக்கு. செடி உங்கள் மகளுக்கு. சங்கரன்கோவில் பூ மார்க்கெட் வாசனையில் வளர்ந்தவளுக்கு இங்குள்ள கடையில் விற்கிற வாடல் சரம் பிடிக்கவில்லை. ஒரு மல்லித் தொட்டியும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் பேஸ்மென்ட் அலமாரி அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஐந்து மணிக்கே இருட்டுகிற ஊரில் மல்லி எப்படிப் பூக்கும்? நண்பர் ஒருவர் வீடு மாறும்போது 600 வாட் சோடியம் விளக்கைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். நம்மூரில் முன்பு எரிந்ததே மஞ்சள் தெருவிளக்கு, அதே ஜாதி. எல்.இ.டி. வாங்கினால் கரண்டும் சூடும் குறையும்தான். ஆனால் சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லையே. சோக்கை வெளியே வைத்தும், கதவைச் சாத்திய அரை மணி நேரத்தில் அறைக்குள் சித்திரை வெயில். விளக்கைத் தள்ளி வைத்தால் வெளிச்சம் போகிறது, கிட்டே வைத்தால் தளிர் கருகுகிறது.

அறைச் சூட்டைக் குழாய் வழியே இழுத்துத் தள்ள ஒரு ஃபேன் தேடி, செடி வளர்ப்புச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைப் பையன் கேட்டான், "எத்தனை செடி?"

"ரெண்டு."

"வீட்டுக்கு நாலு வரைக்கும் வளர்க்கலாமே" என்று கண்ணடித்தான். 2018 அக்டோபர் 17 முதல் இந்த நாட்டில் கஞ்சா சட்டப்படி செல்லும், மாமா. வீட்டுக்குள் விளக்குப் போட்டு வளர்க்கிறவன் வேறென்ன வளர்ப்பான் என்பது அவன் கணக்கு.

"என்ன ரகம்?"

"சங்கரன்கோவில் மல்லி."

"கேள்விப்பட்டதில்லையே. தலைக்கு ஏறுமா?"

"தலையிலதான் ஏறும்" என்றேன். மரியாதை கூடிவிட்டது. கணக்கெல்லாம் காகிதத்தில் போட்டே கொடுத்தான்.

கணக்கு உங்களுக்குப் பிடிக்கும், கேளுங்கள். விளக்குத் தின்கிற 600 வாட்டில் வெளிச்சமாவது கொஞ்சம்தான். அந்த வெளிச்சமும் சுவரிலும் இலையிலும் பட்டுக் கடைசியில் சூடாகத்தான் முடியும். ஆக 600-ஐயும் சூடாகவே வைத்துக்கொள். அதை மூன்றால் பெருக்கு, 1800. அறைக்குள் போகிற காற்றை விட வெளியே வருகிற காற்று 5 டிகிரிக்கு மேல் சுடக்கூடாது என்றால் ஐந்தால் வகு, 360. மணிக்கு அத்தனை கன மீட்டர் காற்று ஓட வேண்டும். இங்கே பெட்டியில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று போடுவார்கள், அதில் சுமார் 212.

போன வாரம் ஆடியோவில் "நம்ம கடையில காயில் கட்டின எக்ஸாஸ்ட் ஒண்ணு பார்சல் போடுதேன்" என்றீர்கள். அனுப்பாதீர்கள். இங்கே 120 வோல்ட், 60 சைக்கிள். நம் 230 வோல்ட் மோட்டாரை மாட்டினால் கும்பிடு போட்டுக்கொண்டே சுற்றும், அதுவும் சுற்றினால். அதோடு பிரியாணிக் கடை அடுப்படியில் ஓடுகிற இறக்கை ஃபேன் இந்த வேலைக்கு ஆகாது. சுவரில் ஓட்டை போட்டு மாட்டினால் அள்ளித் தள்ளும். வாயில் பத்தடிக் குழாயைச் செருகினால் காற்று முன்னே போகத் திணறி இறக்கைக்குள்ளேயே சுழலும். குழாய்க்குக் கொல்லன் உலையில் சுற்றுகிற ப்ளோயர் ஜாதிதான் வேண்டும். நடுவில் இழுத்து ஓரத்தில் வீசுகிறது, எதிர்ப்பைத் தாங்கும். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணெல்லாம் குழாயே இல்லாமல் அளந்தது. ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு வலையும் அதில் கமிஷன் எடுக்கும். 200 போட்ட நாலு அங்குலத்தை விட்டுவிட்டு 400 போட்ட ஆறு அங்குலத்தை எடுத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய ஃபேனைப் பாதி வேகத்தில் ஓட்டினால் காற்று பாதியாகும், மோட்டார் இழுக்கிற கரண்ட் கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகும், சத்தம் இருக்கிறதா என்றே தேட வேண்டும். சின்ன ஃபேனை முழு வேகத்தில் முறுக்கினால் ராத்திரி முழுக்கத் தறிக் குடோனுக்குள் படுத்த மாதிரி. வேகத்தைக் குறைக்க வெளிச்சம் குறைக்கிற டிம்மரை மாட்டிவிடக் கூடாது, மோட்டார் உறுமும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வாங்கியது நம்மூரில் இப்போது பி.எல்.டி.சி. என்று விற்கிறார்களே, அந்த மோட்டார். "காயில் கட்டுறவன் வயித்துல அடிக்க வந்தது" என்று நீங்கள் திட்டுவதுதான். மன்னிக்கவும், நன்றாகத்தான் ஓடுகிறது.

ஃபேனை விளக்குக்கு அந்தப்புறம் மாட்டி இழுக்க விட்டிருக்கிறேன். தள்ளவிட்டால் குழாய் பொருத்திய விளக்குக் கூட்டின் இடுக்கில் எல்லாம் சூடு கசியும். சூடான காற்று மோட்டார் வழியே போனால் காயில் என்ன ஆகும் என்பீர்கள். காற்று நன்றாக ஓடினால் ஐந்து டிகிரிதான் வித்தியாசம், காயில் பத்திரம்.

அந்தச் சூட்டை வெளியே விட்டால் பாவம் என்று கூடத்துப் பக்கம் திருப்பினேன். உங்கள் மகள் அதற்கு முன்னால் உட்கார்ந்து தலை உலர்த்துகிறாள். கோடையில் குழாய் முனையை ஜன்னலுக்கு மாற்ற வேண்டும். கடையில் கரி வடிகட்டியும் தலையில் கட்டப் பார்த்தான், வாசனை தெரியாமல் இருக்கும் என்று. வாசனைக்குத்தானே தம்பி வளர்க்கிறோம் என்று வந்துவிட்டேன்.

மாடியில் இருக்கிற வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, "தம்பி, கீழ என்ன பயிர் செய்யிறியள்?" என்று நேரே இறங்கி வந்துவிட்டார். செடியைப் பார்த்து ஒரு மொட்டைக் கிள்ளினார். பிறகு குழாய் முனையில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. "இந்தச் சூட்டை எங்கட அறைக்கும் கொஞ்சம் விடேலாதோ? முழங்காலுக்குச் சுகமாக் கிடக்கும்."

வாடகைக்கு இருக்கிறவன் மறுக்க முடியுமா? குழாய் இன்னும் பத்தடி கூடுகிறது, வளைவு இரண்டு. இப்போது ஓட்டுகிற வேகத்தைக் கூட்டினால் போதுமா, எட்டு அங்குல ஃபேனுக்குத் தாவ வேண்டுமா? அடுத்த ஆடியோவில் சொல்லுங்கள், சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்