கிறிஸ்துமஸுக்கு முன்பே மூடிவிடும் சந்தை

கேள்வி: எனக்கு லீவு டிசம்பர் 25-க்குப் பிறகுதான். ஜெர்மனியில் நியூரெம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்க முடியுமா? அது இப்போது வெறும் வியாபாரம் என்கிறார்களே?

பதில்: பந்தலைப் பிரித்த பிறகு கல்யாணத்துக்குப் போகப் பார்க்கிறீர்கள். அது பண்டிகைக்கான சந்தை அல்ல, பண்டிகைக்குக் காத்திருக்கும் நான்கு வாரங்களுக்கானது. 'வெறும் வியாபாரம்' என்ற குறைக்கு வருவோம். அதே ஜெர்மனியின் இன்னொரு கிறிஸ்துமஸ் சந்தையான டிரெஸ்டன் நகரச் சந்தை 1434-இல் ஒரே ஒரு நாள் நடத்த அனுமதி பெற்றது. அனுமதித்தவர் பாதிரியார் அல்ல, நாடாண்டவர். அனுமதியும் ஜெபிக்க அல்ல, விற்க. ஆகவே கெட்டுப்போக அங்கே புனிதம் ஏதும் முதலிலேயே இருக்கவில்லை. மாறாக, 'பாரம்பரியம்' பேசியபோதுதான் விபரீதம்: 1933-இல் நாஜிகள் நியூரெம்பர்க் சந்தையைப் அது முன்பு நடந்த சதுக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, தங்கள் பிரச்சார மேடையாக்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் இஞ்சி ரொட்டி விற்பவர் எவ்வளவோ மேல்.

அப்படியானால் எதையும் விற்கலாமா என்பீர்கள். கூடாது, நியூரெம்பர்க்கில் பிளாஸ்டிக் மாலைகளுக்கு அனுமதி இல்லை. உலர்ந்த பிளம்ஸில் செய்த பொம்மைகள் உண்டு. எலிசன் வகை இஞ்சி ரொட்டி என்றால் கால்பங்காவது கொட்டைப்பருப்பு இருக்க வேண்டும், மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. (நம் ஊர் முந்திரி கேக்கில் முந்திரியைத் தேடுபவர்கள் பெருமூச்சு விடலாம்.) கூட்டம், குளிர், விலை மூன்றும் உண்மைதான். குளிர் இல்லாவிட்டால் சூடான மசாலா ஒயினை யார் வாங்குவார்கள்? குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பித் தராவிட்டால் அதுவே நினைவுப்பொருள்.

கடைகள் டிசம்பர் 24 மதியத்தோடு மூடிவிடும். லீவை முன்னால் தள்ளுங்கள்.