ஹரோவிலை ஒரு கோழிக் கோட்டை

ஹரோ, லண்டன்

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் வட்ஸ்அப்பிலை அனுப்பின குரல் செய்தியைக் கேட்டன். தொடக்கத்திலை அழுத அழுகையைக் கேட்டு சொந்தத்துக்கை ஆரோ மோசம் போட்டினம் எண்டு பயந்துபோனன். கடைசியிலைதான் விளங்கினது, மரநாய் கூட்டுக்குள்ளை பூந்து அடைகிடந்த பேட்டைக் கொண்டுபோட்டுது எண்டு. "நீ லண்டனிலை எப்பிடியடா கோழி வளக்கிறாய், அங்கை மரநாய் இல்லையோ" எண்டும் கேட்டனீங்கள். இதைப் போனிலை சொல்லத் தொடங்கினால் அத்தான் இடையிலை பூந்து வெங்காய விலை கதைப்பார். அதுதான் கடிதமா எழுதுறன்.

மரநாய் இல்லை, நரி இருக்கு. காட்டிலை இல்லையக்கா, றோட்டிலை. 1930களிலை லண்டனைச் சுத்திப் பின்வளவோடை வீடுகள் கட்டக் கட்ட நரியும் வந்து குடியேறினதாம். எங்கடை ஆக்களுக்கு ஐம்பது வருசம் முந்தி வந்த குடி. அசைலமும் கேக்கேல்லை, கோட்டுக்கும் போகேல்லை. 2011இலை ஷார்ட் எண்ட பெரிய கண்ணாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கேக்கை 72ஆம் மாடியிலை ஒரு நரியைப் பிடிச்சவை. வேலைக்காரர் விட்டுட்டுப் போன சாப்பாட்டைத் திண்டு அங்கையே சீவிச்சிருக்கு. அந்த மாடியிலை ஒரு கதிரை போடுற இடம் வாடைக்கு எடுக்க எங்கடை பரம்பரைக்கே வசதி வராது.

பக்கத்து வீட்டிலை ஒரு வெள்ளைக்கார ஆச்சி இருக்கிறா. நல்ல மனுசி. பின்னேரத்திலை கோழிக்கால் அவிச்சு, சூடு ஆத்தி, பூப்போட்ட பீங்கானிலை வைச்சு நரியைக் கூப்பிடுவா. நான் கோழி வளக்கப்போறன் எண்டு சொன்னவுடனை கையைப் பிடிச்சுச் சந்தோசப்பட்டா. "அவனுக்குக் கோழி எண்டால் சரியான விருப்பம்" எண்டா.

கோழியள் வந்தது முட்டைப் பண்ணையிலையிருந்து. ஒண்டரை வயசானவுடனை முட்டை குறையுது எண்டு கழிச்சுவிடுகிற கோழியளை வாங்கி, வீடு வீடாய்க் குடுக்கிற தருமச்சபையள் இஞ்சை இருக்கு. எங்கடை கலியாணப் புரோக்கர் கேளாத கேள்வியெல்லாம் கேட்டவை. வளவு எவ்வளவு, பகலிலை ஆர் நிப்பினம், நாய் பூனை இருக்கோ எண்டு. வந்ததுகளைப் பாத்தால் பாதிக்குச் செட்டையில்லை, நெஞ்செல்லாம் தோல். இப்பிடிக் கோழியளுக்குச் சுவெற்றர் பின்னிப் போடுற சனமும் இந்த நாட்டிலை உண்டு. உங்கடை மருமகள் ஒரு கோழிக்குத் தன்ரை அம்மம்மாவின்ரை பேரை வைச்சுவிட்டாள். மாமியாரின்ரை பேர் வைச்ச கோழியை எந்த மருமகன் உரிச்சுக் கறி வைக்கிறது? அது சாகுமட்டும் எங்களோடைதான்.

இனி அரசாங்கம். 2024 ஒக்ரோபர் 1இலையிருந்து இங்கிலாந்திலை ஒரே ஒரு கோழி வைச்சிருந்தாலும் பதியவேணும். பறவைக் காய்ச்சல் வந்தால் கோழி எங்கை எங்கை இருக்கு எண்டு தெரியவேணுமாம். 2022 கார்த்திகையிலையிருந்து அடுத்த சித்திரை மட்டும் நாடு முழுக்கக் கோழியளை உள்ளுக்கை அடைச்சு வைக்கச் சொல்லிக் கட்டளை போட்டவை. ஊரடங்குச் சட்டத்துக்கை வளந்த எனக்கு அது பெரிய புதினமாத் தெரியேல்லை. கோழிக்கு எண்டுறதுதான் புதுசு.

இதைக் கேட்டால் இன்னும் சிரிப்பியள். குசினியிலை மிஞ்சின சோத்தைக் கோழிக்குப் போடுறது இஞ்சை சட்டப்படி குற்றம். 2001இலை கோமாரி வந்து 60 இலட்சத்துக்கு மேலான ஆடு மாடு பண்டியளைக் கொண்டவை. பண்ணையொண்டிலை பண்டிக்குப் போட்ட கழிவுச் சாப்பாட்டாலை தொடங்கினதாம். அதோடை இறைச்சி, மீன், பால் எது புழங்கிற குசினியெண்டாலும் அங்கையிருந்து ஒரு கீரைத் தண்டுகூடக் கோழிக்குப் போகக்கூடாது. அம்மா இருந்திருந்தால் இந்த நாட்டிலை அவவுக்கு ஆயுள் தண்டனை. குசினி வாசலிலை நிண்டு "பா, பா" எண்டு கூப்பிட்டுப் பழஞ்சோத்தைப் பிசைஞ்சு எறிஞ்ச மனுசி.

கூட்டுக்கு வாறன். கடைகளிலை விக்கிற ஆறுமூலைக் கண் வலை இருக்கே, உங்கை நீங்களும் அதைத்தான் அடிச்சிருக்கிறியள். அது கோழி வெளியிலை போகாமல் இருக்கத்தான் உதவும், நரி உள்ளை வராமல் இருக்க உதவாது. பல்லாலை இழுத்தால் நூல் மாதிரிப் பிஞ்சுபோம். நரி ஆறடி வேலியிலையும் ஏறும், கீழாலை கிண்டியும் வரும். உள்ளை வந்தால் ஒண்டோடை நிக்காது. எல்லாத்தையும் கடிச்சுப்போட்டு, ஒவ்வொண்டாய்த் தூக்கிக்கொண்டுபோய் நாளைக்கு எண்டு தாட்டு வைக்கும். சித்திரை, வைகாசியிலை குட்டி வளக்கேக்கை பட்டப்பகலிலையும் வரும். அதாலை நான் காய்ச்சி ஒட்டின, அரை இஞ்சிக் கண் உள்ள தடிச்ச கம்பி வலைதான் அடிச்சன், மேலையும் சேத்து. கீழை வலையை ஆழமாய்த் தாட்டு வைக்கிறதை விட, நிலத்தோடை வெளிப்பக்கமாய் ஒண்டரை அடிக்கு விரிச்சு மண்ணாலை மூடுறதுதான் நல்லது. நரி எப்பவும் வேலியின்ரை அடியிலைதான் கிண்டத் தொடங்கும். கால் நகத்திலை கம்பி தட்டும். ரெண்டடி பின்னுக்கு வந்து கிண்டுற புத்தி அதுக்கு இல்லை. எங்கடை கதைகளிலை நரிக்குக் குடுத்த மரியாதை கொஞ்சம் கூடிப்போச்செண்டு நினைக்கிறன்.

வேறை வைத்தியங்களும் சொன்னவை. ஆம்பிளையளின்ரை சலத்தைக் கூட்டைச் சுத்தி விட்டால் நரி அண்டாதாம். ஆச்சியின்ரை மேல்மாடி யன்னல் எங்கடை வளவைப் பாத்தபடி இருக்கிறதாலை அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சிங்கத்தின்ரை சாணம் மணக்கிற குளிசையும் கடையிலை விக்கினம், பூனை ஓடுமாம், நரியும் ஓடக்கூடும் எண்டவை. சிங்கத்தைக் காட்டி வெருட்டுறதை நாங்கள் உங்கையே பாத்தாச்சு, காசு குடுத்து வாங்கத் தேவையில்லை எண்டு விட்டிட்டன்.

பெரிய சிக்கல் கதவு. உங்கை எந்த மாசம் எண்டாலும் ஆறு, ஆறரைக்குப் பொழுதுபடும், கோழி தானாய்க் கூட்டுக்கை போகும், ஆராவது ஒராள் போய்ச் சாத்துவியள். இஞ்சை மார்கழியிலை நாலு மணிக்கு முந்தியே இருட்டு. ஆனியிலை இரவு ஒன்பதரை மட்டும் வெளிச்சம். மார்கழியிலை கோழி படுக்கப்போற நேரம் வீட்டிலை ஒரு குருவியும் இராது. நானும் உங்கடை மச்சாளும் வேலையிலை, பிள்ளையள் ரியூசனிலை. அதாலை வெளிச்சம் குறைஞ்சால் தானாய்ப் பூட்டி, விடிஞ்சால் தானாய்த் திறக்கிற பற்றறிக் கதவு ஒண்டு பூட்டினன். அதோடை, ஆரும் அசைஞ்சால் எரியிற லைற்றும் ஒண்டு.

ஒருநாள் சாமம் உங்கடை மச்சாள் தண்ணி குடிக்க எழும்பிக் குசினி யன்னலாலை பாத்திருக்கிறா. நரி வருது. லைற் பளிச்செண்டு எரியுது. அந்த வெளிச்சத்திலை விடிஞ்சுபோச்சு எண்டு கதவு மெல்ல மெல்ல மேலை எழும்புது. நரி உடனை உள்ளை போகேல்லை. பின்னங்காலிலை குந்தி, தலையைச் சரிச்சு, கதவு முழுக்கத் திறக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கு. மச்சாள் கையிலை இருந்த செம்போடை இரவு உடுப்பிலை ஓடிப்போய்க் கத்தின கத்திலை நரி வேலிக்கு மேலாலை பறந்துது. அதுக்குப் பிறகு ஆச்சி மச்சாளோடை கொஞ்ச நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. இப்ப கதவுக்கு மணிக்கூடு வைச்சிருக்கிறன், லைற்றைக் கழட்டியாச்சு. கூட்டுக்குச் செலவழிச்ச காசைப் பாத்தால் ஒரு முட்டைக்கு எவ்வளவு விழுது எண்டு மச்சாள் கணக்குப் போட்டவ. ஊரிலை ஒரு ஆட்டுப் பங்கு எடுக்கலாம் எண்டவ. நான் அந்தக் கணக்கைத் திருப்பிப் பாக்கேல்லை.

இரவிலை அந்தக் கூட்டைப் பாத்து யோசிப்பன், அக்கா. எங்கடை வீட்டிலை என்ன இருந்தது? பனஞ்சலாகைக் கூடு, கறுக்குமட்டை வேலி. குஞ்சுத்தாய்க்கு ஒரு கடகம், அதுக்கு மேலை குழவிக்கல். பிராந்து வட்டமிட்டால் முதல் கத்துறது காகம், பிறகு கோழி, பிறகு கிணத்தடியிலையிருந்து அம்மா, அதுக்குப் பிறகு பக்கத்து வளவு மாமி. கீரி வேலிக்குள்ளாலை தலை நீட்ட முந்தியே நாய் குலைச்சிடும். கூடு பேருக்குத்தான், காத்தது வளவு நிறைஞ்ச ஆக்கள். இஞ்சை ஆக்கள் இல்லாத இடத்துக்குத்தான் நான் கம்பி வாங்கிறன். உங்கையும் இப்ப பிள்ளையள் எல்லாம் கனடா, பிரான்சிலை. பக்கத்து வளவு மாமியும் போய்ச் சேர்ந்திட்டா. மரநாய்க்கு அது தெரிஞ்சிருக்கு.

95 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு ஞாபகம் இருக்கே? எல்லாரும் றோட்டிலை இறங்கியாச்சு, அம்மா மட்டும் படலையாலை திரும்பி ஓடினவ. நகையை மறந்துபோட்டா எண்டு அப்பா ஏசினவர். அவ போனது கூட்டைத் திறந்துவிட. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவ, பூட்டி வைச்சிருந்தால் பாவமெண்டு. அடுத்த வருசம் திரும்பிக் கோண்டாவிலுக்கு வரேக்கை கூட்டின்ரை கதவையே ஆரோ கழட்டிக்கொண்டு போயிருந்தவை.

சரி, அலுவலுக்கு வாறன். காசு அனுப்பியிருக்கிறன். அதிலை அந்த மெல்லிய வலையைத் திரும்பவும் வாங்காதேங்கோ. அரை இஞ்சிக் கண், காய்ச்சி ஒட்டின வலை எண்டு கேட்டு வாங்குங்கோ, சாரைப்பாம்பும் பூராது. மரநாய் ஏறுறதிலை கெட்டிக்காரன். கள்ளு முட்டிக்குப் பனையிலை ஏறுறவனுக்கு உங்கடை கூரை ஒரு பெரிய விசயமே? அதாலை மேலையும் மூடுங்கோ, தகரத்துக்கும் வலைக்கும் இடையிலை கை போற இடைவெளி விடாதேங்கோ. கொளுக்கி ரெண்டு போடுங்கோ.

கீழை வெளிப்பக்கமாய் ஒண்டரை அடி வலை விரிக்கச் சொன்னன் எல்லோ. அதிலை ஒரு கரைச்சல் இருக்கு. உங்கடை கூடு கிழக்கு வேலியோடை ஒட்டி நிக்குது. ஒண்டரை அடி எண்டால் வலை அடுத்த வளவுக்கை போகும். அந்த வளவுக்காரர் அரை அடிக் கதியாலுக்கே யாழ்ப்பாணம் கோட்டிலை பத்து வருசம் வழக்காடின மனிசன். அத்தானிட்டைச் சொல்லி, முதல் கூட்டை வளவுக்கு நடுவிலை தூக்கி வையுங்கோ. தூக்கிறதுக்கு அந்த வளவுக்காரரையே உதவிக்குக் கூப்பிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி

பி.கு: அத்தானுக்கு: நல்லூர்க் கொடியேற முந்திக் கூட்டு வேலையை முடியுங்கோ. பிறகு திருவிழா 25 நாளும் விரதம், கோழிப் பக்கமே போகமாட்டன் எண்டு சாட்டுச் சொல்லுவியள்.