மந்திரவாதி தேடும் மருமவனுக்கு

பொண்ணுக்கு எவளோ செய்வினை வச்சுட்டாளாம், எடுக்குறதுக்குக் கைராசியான மந்திரவாதி வேணுமாம். அதுக்கு எங்கிட்ட வந்து நிக்குறியே மருமவனே, உன் அறிவே அறிவுடா! கோடாங்கி, பூசாரி, சாமியாடி எல்லாம் கெழவிக்கு அத்துப்படின்னு யாரோ சொல்லியிருக்கான். நெசந்தான். வெத்தலையை மடிச்சுக்கிடுறேன், பொறு.

மொதல்ல நோய் என்னான்னு சரியாச் சொல்லு. எம் பேத்தி வேளைக்குச் சோறு திங்குறா. வேலைக்குப் போறா, சம்பளத்துல பாதி உன் கையில வருது. முன்னவிட நல்லாச் சிரிக்குறா. கேட்டா, கூட வேலை பாக்குற பொண்ணைப் புடிச்சிருக்கு, அவளோடதான் இருப்பேங்குறா. இதான செய்வினை? எனக்கும் ஒருத்தி வச்சிருக்கக் கூடாதா! உங்க மாமனோட காலம் பூராக் குடித்தனம் பண்ணினேனே, ஒரு நாளு நான் அப்படிச் சிரிச்சு நீ பாத்திருக்கியா?

அடுத்த கொறை, அவ அசல் ஜில்லாவாம். அரியலூர்க்காரியாம். 2001-ல நம்ம பெரம்பலூர்லேருந்து அரியலூரைப் பிரிச்சான், 2002-ல கொண்டாந்து சேத்தான், 2007-ல மறுபடி பிரிச்சான். இதுல எந்த வருசத்துக் கணக்குல அவ அசலு? கெசட்டுல போட்டுப் போட்டு அழிச்ச எல்லையை வச்சுக்கிட்டு நீ பொண்ணுக்குக் காவல் காக்குற.

சரி, மந்திரவாதிக்கு வருவோம். சிறுவாச்சூர் நமக்குக் கூப்பிடு தூரம். அங்க இருக்குற கதை தெரியாமலா வருசா வருசம் மாவிளக்கு போடுற? ஆதியில அந்த எடம் செல்லியம்மனோடது. மந்திர சக்தியால ஒரு மந்திரவாதி அவளையே கட்டிப்போட்டு ஏவல் வாங்கிக்கிட்டு இருந்தானாம். மதுரையிலேருந்து காளி வந்து, ராத்திரிக்கு மட்டும் தங்க எடம் கேட்டா. செல்லி அவகிட்ட மனசுல உள்ளதைக் கொட்டினா. விடியுறதுக்குள்ள மந்திரவாதி கதை முடிஞ்சுது. செல்லி பெரியசாமி மலைக்குப் போயிட்டு, எடத்தை மதுரகாளிக்கே கொடுத்துட்டா. காளியும் சும்மா இல்ல. மத்த நாளெல்லாம் மலையில, திங்களும் வெள்ளியுந்தான் கீழ. கோயில் நடை வழக்கமா அந்த ரெண்டு நாள்தான் தொறக்குறான். தீவாரனையை மொதல்ல மலைப்பக்கம் காட்டிட்டுத்தான் அம்மனுக்குக் காட்டுறான்.

நான் ஒண்ணும் சொல்லல, ஸ்தல புராணத்தைத்தான் சொன்னேன். மந்திரம் போட்டு ஏவல் வாங்கினவனைக் கொன்னவ உக்காந்திருக்குற மண்ணுல, நீ மந்திரவாதிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறியே, அவளுக்குக் கோவம் வராதா? சாமிக்குப் பயப்படலைன்னா போலீசுக்காவது பயப்படு. 2017-ல பெரம்பலூர்லயே ஒரு மந்திரவாதி வீட்டுப் பெட்டியிலேருந்து எதைத் தூக்கியாந்தாங்கன்னு ஊருக்கே தெரியும். சாப்புடுற நேரம், வேணாம்.

இந்தச் செய்வினைப் பேச்சு நம்ம குடும்பத்துக்குப் புதுசு இல்ல. வடக்கிக்காட்டு அரைக்காணி நம்ம கையை விட்டுப் போன கதையை உங்கப்பன் உனக்கு எப்படிச் சொல்லியிருக்கான்? எவளோ ஒரு ஜெயங்கொண்டத்துக்காரி வசிய மை வச்சு எழுதி வாங்கிட்டான்னுதானே? நம்ம குடும்பத்துல மூணு தலைமொறையா அதான் பெரிய மர்மம். தெவசத்துக்குத் தெவசம் ஒருத்தன் அதை எடுத்துவிடுவான், பெருசுங்க எல்லாம் எலையைப் பாத்துக் குனிஞ்சுக்குங்க. கேளு. உங்க தாத்தாவுக்கு ஒரு அக்கா, எனக்கு அத்தை. கட்டிக்கொடுத்த ஒரே மாசத்துல திரும்பி வந்துட்டா. ஏன்னு கேட்டதுக்கு வாயே தொறக்கல. பருத்தி எடுக்க வந்த ஒருத்தி, பருத்தி முடிஞ்சும் போகல. ஒரே அடுப்பு, ஒரே திண்ணை, பொதுவுல நாலு வெள்ளாடு. ஊரு அவளை 'தொணைக்கு இருக்குறவ'ன்னு சொல்லிச்சு. அந்தக் காலத்துல எவனுக்கும் அதுக்கு மேல வெவரம் தேவைப்படல. அத்தை சாகுறப்பதான் அரைக்காணியை அவ பேருக்கு எழுதி வச்சது தெரிஞ்சுது. நெலம்னு வந்ததும் தொணைக்கு இருந்தவ சூனியக்காரி ஆயிட்டா.

தகடு பொதைச்சிருக்கான்னு ஒரு கோடாங்கியைக் கூட்டியாந்து கொல்லையைத் தோண்டினாங்க. நான் பாவாடை கட்டிக்கிட்டுப் பக்கத்துல நின்னு பாத்தேன். தகடு வரல. துருப்புடிச்ச தகர டப்பா வந்துச்சு. உள்ள சிறுவாச்சூர்த் திருவிழாவுல எடுத்த போட்டோ ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சீலை கட்டிக்கிட்டு வெறப்பா நின்னுக்கிட்டு. கோடாங்கி அதைப் பாத்துட்டு உங்க தாத்தா மூஞ்சியைப் பாத்தாரு. தச்சணையை மட்டும் வாங்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு, புத்திசாலி.

என் வூட்டு அட்டத்துல கெடக்கே பித்தளை அண்டா, அதோட கழுத்துல புள்ளி புள்ளியா ரெண்டு பேரு வெட்டியிருக்கும். ரெண்டும் பொம்பளைப் பேரு. பேரு வெட்டுறவன் குடிச்சிட்டுத் தப்பா வெட்டிட்டான்னு உங்க தாத்தா சாதிப்பாரு. குடிகாரன் ரெண்டு பேருக்கும் நடுவுல அம்புட்டு நேர்த்தியா ஒரு தாமரை வச்சிருப்பானாடா?

சட்டத்தையும் சொல்லிடுறேன். போன்ல எழுத்தைப் பெருசாக்கிப் படிப்பேன், என்னை லேசா நெனைச்சுடாதே. ரெண்டு பொண்ணுங்க இப்படிச் சேந்து இருக்குறது குத்தமே இல்லைன்னு 2018 செப்டம்பர்லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. மதுரையிலேருந்து சென்னைக்கு ஓடிப்போன ரெண்டு பொண்ணுங்க கேசு ஐகோர்ட்டுக்கு வந்தப்ப, ஆனந்த் வெங்கடேஷ்னு ஒரு நீதிபதி, தனக்கே இதுல தெளிவு பத்தலைன்னு ஒத்துக்கிட்டு, மனநல ஆலோசகர்கிட்ட போயி உக்காந்து பாடம் கேட்டாரு. ஐகோர்ட்டு ஜட்ஜு! நீ எட்டாங்கிளாசு, உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. 2021 ஜூன் 7-ல அவரு போட்ட உத்தரவுல, இவங்களை மாத்துறேன் பேர்வழின்னு எந்த வைத்தியமும் கூடாதுன்னுட்டாரு. மறு வருசம் போலீசு நடத்தை விதியிலயே தொல்லை கொடுக்கக் கூடாதுன்னு சேத்துட்டான்.

இன்னொண்ணு உனக்குன்னே வந்த கேசு. 2025 மே 22, வேலூர்ப் பக்கம். பொண்ணை வூட்டுக்கு இழுத்துட்டுப் போயி அடிச்சு, 'சரியாகணும்'னு சடங்கெல்லாம் பண்ணினாங்கன்னு அந்தப் புள்ளையே நீதிபதிங்க முன்னால சொல்லிச்சு. 25 வயசுப் பொண்ணு, அவ இஷ்டத்துக்கு விடுன்னு ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் சொல்லிட்டாங்க. கல்யாணம் ஒண்ணுதான் குடும்பத்துக்கு வழின்னு இல்ல, தானாத் தேடிக்கிட்டதும் குடும்பந்தானாம். எல்லா அம்மாவும் லீலா சேத் ஆயிட முடியாதுன்னு பெத்தவளுக்காக வருத்தமும் பட்டிருக்காங்க. அந்த லீலா சேத்தம்மா ஐகோர்ட்டுத் தலைமை நீதிபதியா இருந்தவங்க, எழுத்தாளர் விக்ரம் சேத்தோட தாயாரு. மவனுக்காக ஊரறியப் பேசினவங்க. உன் பொஞ்சாதிகிட்ட சொல்லு.

கல்யாணம்னு பதிய மட்டும் முடியாது. 2023-ல சுப்ரீம் கோர்ட்டு அதைப் பார்லிமெண்டுப் பக்கம் தள்ளிவிட்டுருச்சு. அது அநியாயந்தான். ஆனா உன்னைமாதிரிக் கருமிக்கு மண்டபம், பந்தி, நாதசுரம் எல்லாம் மிச்சம். வச்ச மொய் திரும்பாதேன்னு வேணா அழு.

2020-ல குன்னத்துக் குளம் வெட்டினப்ப உருண்டை உருண்டையா வந்துதே, டைனோசர் முட்டைன்னு ஊரே அலறிச்சே, ஞாபகம் இருக்கா? நீகூட ஒண்ணைத் தூக்கியாந்து வைக்கப்போருல ஒளிச்சு வச்ச. தெரிஞ்சவங்க வந்து பாத்துட்டு, ஆதியில இங்க கடல் இருந்தப்ப வாழ்ந்த நத்தை மாதிரிப் பிராணி, அம்மோனைட்டு, அது கல்லாப்போன படிவம்னாங்க. பயந்தது எல்லாம் வீணு. தெரிஞ்சவனைக் கேக்குறதுக்கு முன்னாடி மிரளுறது உனக்குப் புதுசு இல்லையே.

அதனால மந்திரவாதிக்குன்னு முடிஞ்சு வச்சிருக்குறதை இப்படி எடு. திங்கக்கெழமை ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுச் சிறுவாச்சூர் போவோம், நான் மாவு இடிக்கிறேன். அண்டாவுக்கு ஈயம் பூசணும், அந்தச் செலவும் உன்னோடதுதான். அப்புறம் அந்த அரியலூர்க்காரிக்கு வெங்காயத்துல தாளறுக்க வருமான்னு கேட்டு வை. பட்டறையில சின்ன வெங்காயம் மொளைவிட ஆரம்பிச்சிருச்சு, கூலிக்கு ஒரு ஆளு கெடைக்கல.