கழற்றக் கழற்ற விலை கூடும்

1969இல் நிஸ்ஸான் நிறுவனம் ஃபேர்லேடி இசட் காரைக் கொண்டுவந்தபோது, கூடவே 432 என்று ஒரு ரகத்தையும் விட்டது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம் என்பது அந்த எண்ணுக்குக் கணக்கு. விலை சாதாரண இசட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது போதாதென்று பந்தயக்காரர்களுக்காக 432 ஆர் என்று இன்னொன்றும் செய்தார்கள். அதில் ரேடியோ கிடையாது, ஹீட்டர் கிடையாது, கடிகாரம் கிடையாது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் அக்ரிலிக் தகடு, இரும்பு பானெட்டுக்குப் பதில் ஃபைபர், சாய்ந்துகொள்ள முடியாத இருக்கை. பாட்டுக் கேட்க முடியாது, மணி பார்க்க முடியாது, மார்கழியில் பல் கிடுகிடுக்கும். அப்படிப்பட்ட ஒரு கார் 2020 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோன் கண்காட்சி ஏலத்தில் எட்டே முக்கால் கோடி யென்னைத் தாண்டிப் போனது.

என்னிடம் இருப்பது அந்தக் குடும்பத்தின் ஏழைச் சித்தப்பா. 1974இல் பிறந்த சாதாரண எஸ் 30 இசட், இரண்டு லிட்டர் எல் 20 எஞ்சின். இதில் எல்லாமே இருக்கிறது. ரேடியோ பாடும், ஹீட்டர் சுடும், கடிகாரம்கூட ஓடும். ஆகவே இதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. யோகோஹாமாவில் பழைய கார் பிரியர்கள் கூடும் இடங்களில் நான் கதவைத் திறந்தால், உள்ளே எட்டிப் பார்த்து, “ஓ, ஹீட்டர் இருக்கிறதா?” என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்பார்கள்.

எனவே உட்புறத்தை எழுபதுகளின் பந்தயக் கார் மாதிரி மாற்றுவதென்று தீர்மானித்தேன். வேண்டியவை கொஞ்சம்தான். பக்கெட் சீட்டு, ஸ்டீயரிங், தோளோடு கட்டிப்போடும் நான்கு முனை பெல்ட், கடிகாரம் இருந்த ஓட்டையை மூட ஒரு வட்டத் தகடு. இவை எல்லாம் புதிதாகவே கிடைக்கும். ஆனால் புதிதை வைத்தால் மரியாதை கிடையாது. ‘தோஜிமோனோ’ ஆக இருக்க வேண்டும், அதாவது அந்தக் காலத்திலேயே செய்து, அந்தக் காலத்திலேயே யாரோ உபயோகித்து, அந்தக் காலத்து அழுக்கோடு வர வேண்டும்.

சென்னையில் வளர்ந்தவன் என்பதால் பழைய உதிரிபாகம் என்றால் எனக்குப் புதுப்பேட்டைதான் நினைவுக்கு வரும். அங்கே கேட்டு முடிப்பதற்குள் ஒரு பையன் ஓடிப்போய் எண்ணெய் சொட்டச் சொட்டக் கழற்றிக்கொண்டு வந்து, துடைத்துக் கையில் வைத்து, “சார், ஒரிஜினல்” என்பான். ஜப்பானிலோ விற்கிறவருக்கு விற்பதில் விருப்பமில்லை. ஜனவரியில் ஒதைபாவில் பழைய கார் சங்கம் நடத்தும் புத்தாண்டுக் கூட்டத்திலும், பிப்ரவரியில் பசிஃபிகோ யோகோஹாமாவில் நடக்கும் ‘நாஸ்டால்ஜிக் 2 டேஸ்’ கண்காட்சியிலும் பெரியவர்கள் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்கு முதலில் படுகிற இடத்தில், நாம் தேடி வந்த அதே ஸ்டீயரிங் இருக்கும். அருகில் அழகான கையெழுத்தில் ஓர் அட்டை: விற்பனைக்கு அல்ல. ‘பிறகு எதற்கய்யா கொண்டுவந்தீர்?’ என்று எந்த மொழியிலும் கேட்டுவிட முடியாது. குனிந்து வணங்கி, “அருமையாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். அவர் அதைக் கேட்கத்தான் விடியற்காலையில் எழுந்து வந்திருக்கிறார்.

மிச்சமிருக்கும் வழி இணைய ஏலம். இந்த ஏலத்தின் இலக்கியம் தனி. விற்பவர்கள் எல்லாருமே கிடங்கைச் சுத்தம் செய்துகொண்டிருப்பவர்கள். “நான் இதில் கற்றுக்குட்டி, விவரம் தெரியாது” என்று முதல் வரியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஆரம்ப விலையைப் பார்த்தால் அவர் இந்தத் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்று தெரியும். அடுத்த வரி, புகாரும் கூடாது, திருப்பியும் தரக் கூடாது. கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது: “மனசு நொந்துகொள்ளும் சுபாவம் உள்ளவர்கள் தயவுசெய்து ஒதுங்கியிருக்கவும்.” என்னை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும்.

ஏலம் பெரும்பாலும் இரவு பத்து, பதினொரு மணிக்கு முடியும் என்று போட்டிருப்பார்கள். முடியாது. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலையை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிடம் தானாகவே நீளும்படி வைத்திருப்பார்கள். நான் ஐந்நூறு யென் ஏற்றுவேன். நாலரை நிமிடம் ஒன்றும் நடக்காது. என் இதயம் பாடத் தொடங்கும்போது எதிராளி ஐந்நூறு யென் ஏற்றுவான். அவன் முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் அவனுக்கும் மறுநாள் காலை அலுவலகம் இருக்கிறது, அவன் பக்கத்திலும் ஒருத்தர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விளக்கை அணைக்கச் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்டீயரிங் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியப் பழங்கார் உலகத்தில் இத்தாலிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: நார்தி, மோமோ. இரண்டு ஸ்டீயரிங்கிலும் நடுவில் ஆறு போல்ட். நார்தியில் அந்த ஆறும் 74 மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கும். மோமோவில் 70. வித்தியாசம் 4 மில்லிமீட்டர். ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே தொழில். என்றைக்காவது ஒரு நாள் உட்கார்ந்து ஆளுக்கொரு காபி குடித்துப் பேசியிருந்தால் உலகம் முழுவதும் எத்தனையோ குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகக் கழிந்திருக்கும். இப்போது இரண்டு அளவுக்கும் துளை போட்ட ‘பாஸ்’ கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே நிற்கிற துண்டு அது; காருக்குக் கார் வேறு. பழைய பாஸில் ஒன்றுக்குத்தான் இடம்.

நான் இந்தச் சண்டையில் சேராமல், உள்ளூர்ச் சரக்கான ‘டாட்சன் காம்பெடிஷன்’ ஸ்டீயரிங்கைத் தேடினேன். மூன்று கம்பி, நடுவில் டி எழுத்துப் போட்ட ஹாரன் பொத்தான். இதற்கு நகல்கள் ஏராளம். அசலா என்று பார்க்கிறவர்கள் தோலைத்தான் பார்ப்பார்கள். யாரோ ஒருவர் உள்ளங்கை வியர்வையால் ஆண்டுக்கணக்கில் பாலீஷ் போட்டு, ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் தோல் வழவழவென்று மின்னினால் விலை கூடும். அந்தப் பளபளப்பை மட்டும் தனியாகப் படம் எடுத்துப் போடுவார்கள். முன்பின் தெரியாதவரின் வியர்வைக்கு நான் கொடுத்த தொகையை என் அம்மாவிடம் சொல்லவில்லை.

பெல்ட் இன்னும் வேடிக்கை. பச்சை நிறத்தில் டகாட்டா என்று எழுதிய நான்கு முனை பெல்ட்டுக்கு ஜப்பானில் ஒரு பக்தர் கூட்டம் உண்டு. அந்த நிறுவனம் ஏர்பேக் விவகாரத்தில் 2017இல் திவால் மனு கொடுத்தது. விலை இறங்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? ஏறியது. ஆனால் சர்வதேச மோட்டார் சங்கத்தின் விதிப்படி பந்தய பெல்ட்டுக்கு ஆயுள் சுமார் ஐந்து ஆண்டு; அதற்கான சீட்டு பெல்ட்டிலேயே தைத்திருக்கும். ஆக, அந்தக் காலத்துப் பந்தய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போக முடியாது. பொதுச்சாலையிலும் அதை மட்டும் நம்பி ஓட்ட முடியாது, காரோடு வந்த பெல்ட்டும் இருக்க வேண்டும். பந்தயத்துக்கும் ஆகாது, சாலைக்கும் ஆகாது. இதைவிட அசல் பழம்பொருள் எது?

பக்கெட் சீட்டு கிடைத்தது குன்மா மாகாணத்தில். பிராண்டு பெயர் இல்லாத, எழுபதுகளின் ஃபைபர் ஓடு. மேலே கறுப்பு ரெக்ஸின். நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. என் காரிலோ சீட்டுகளை ஏற்கெனவே கழற்றியிருந்தேன். ஜப்பான் ரயில்வே விதியை எடுத்துப் படித்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 250 சென்டிமீட்டருக்குள், எடை 30 கிலோவுக்குள் இருந்தால் கையோடு கொண்டு போகலாம். பக்கெட் சீட்டு இரண்டிலும் பாஸ். இந்த விதியை எழுதிய அதிகாரி ஒரு பழங்கார்ப் பிரியராகத்தான் இருக்க வேண்டும்.

குன்மாவின் தகாசாகி நிலையத்தில் சீட்டோடு ஷோனான்-ஷின்ஜுகு ரயிலில் ஏறினேன். யோகோஹாமாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெட்டி நிரம்பி வழிந்தது. எனக்கு உட்கார இடமில்லை. ஆனால் சீட்டு இருந்தது. பிளாஸ்டிக் உறை போர்த்திக் கதவோரம் நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முயற்சி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஓமியாவில் ஒரு பெரியவர் ஏறினார். எழுபது வயது இருக்கும். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“தோஜிமோனோவா?”

“ஆமாம்.”

“என்ன கார்?”

“எஸ் 30 இசட்.”

அவர் மூக்கு வழியாக ஒரு நீண்ட மூச்சு விட்டார். வயதானவர் நிற்கிறாரே என்று, “உட்காருகிறீர்களா?” என்றேன். வேறு யாராயிருந்தாலும் மூன்று முறை மறுத்திருப்பார்கள். இவர் அரை முறைகூட மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இறங்கி உட்கார்ந்தார். தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி. ஆனால் சீட்டுக்கு அடியில் தண்டவாளம் இல்லை. ரயில் பிரேக் போடும்போதெல்லாம் சீட்டு அரை அடி முன்னே நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. இடது கால்? கிளட்ச்.

அகாபானேயில் எழுந்தார். ஃபைபர் ஓட்டின் முதுகை விரலால் தட்டிப் பார்த்து, “இந்த மாதிரி ஓடு வெறுமையாகத் தெரிந்தால் ஆய்வில் விடமாட்டான், பின்னால் உட்காருகிறவன் தலை மோதும் என்பான். இசட்டுக்குப் பின்சீட்டு இல்லை, தப்பித்தாய்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பேண்ட்டின் பின்புறம் முழுக்க மஞ்சள் பொடி. ஐம்பது வருடத்து யூரத்தேன் நுரை ஈரக்காற்றில் சிதைந்து அப்படித்தான் மாவாக உதிரும், எந்த உறையிலும் நிற்காது. நகல் சீட்டில் இது வராது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன், கதவு மூடிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது என் சட்டையிலும் அதே பொடி.

“மாவு மில்லுக்கா போயிட்டு வர்றீங்க?” என்றாள் மனைவி.

“இதுதான் அசலுக்கு அடையாளம்.”

“அப்போ துவைக்கலாமா, கூடாதா?”

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வாகன ஆய்வைப் பற்றிப் பெரியவர் சொன்னது பாதிதான். ஹாரன் பொத்தானில் ஊதுகுழல் படம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வில் தேறாது. என்னுடையதில் டி எழுத்துதான் இருக்கிறது. கியர் குமிழில் எந்த கியர் எங்கே என்ற வரைபடமும் தெரிய வேண்டும். பழைய பந்தயக் குமிழ் மொட்டையாக இருக்கும். இரண்டுக்கும் சின்ன ஸ்டிக்கர் விற்கிறார்கள். ஐம்பது வருடத்துப் பொத்தான் மேல் அன்றைக்கு மட்டும் ஒட்டி, ஆய்வு முடிந்ததும் உரித்துப் பர்ஸில் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. ஹாரன் அடிப்பதையே அநாகரிகமாக நினைக்கிற நாட்டில், அது எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம். சென்னையில் இந்தப் படத்துக்கு அவசியமே இல்லை. உறக்கத்தில்கூடக் கை சரியாக அங்கே போய் நிற்கும்.

இதற்குள் நான் கழற்றிய சாமான்கள் பால்கனியில் சேர்ந்துவிட்டன. ரேடியோ, ஹீட்டர், கடிகாரம், அசல் சீட்டு இரண்டு. கடிகாரத்தின் ஓட்டையை மூட நான் வாங்கிய வட்டத் தகடு, கடிகாரத்தைவிட விலை அதிகம் என்பதை மனைவி எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். நான் எடைக் கணக்குச் சொல்லிப் பார்த்தேன். கிலோ குறையக் குறைய வேகம் கூடும், பந்தயத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு உண்டு என்று நீண்ட நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “துணி காயப்போட இடம் வேணும்” என்றாள்.

ஏலத்தில் அவளே போட்டாள். அவள் எழுதிய விளம்பரம் இரண்டே வரி: “இது என் கணவருடைய பொருள். எனக்கு விவரம் தெரியாது.” அந்தத் தளத்தில் நான் படித்தவற்றிலேயே முழு உண்மை அது ஒன்றுதான். ஜனங்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. ஹீட்டருக்கு ஐந்து நிமிடம், ஐந்து நிமிடமாக ஏலம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் எடுத்தவர் ஹொக்கைடோவில் அஸாஹிகாவா ஊர்க்காரர். 1902இல் மைனஸ் 41 டிகிரி பதிவான ஊர் அது. தன் காரை நிஸ்ஸான் கொடுத்த மாதிரியே திரும்ப ஆக்குகிறாராம். இதுவரை எவனோ கழற்றி எறிந்துவிட்ட ஹீட்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். “தோஜிமோனோதானே?” என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அந்தப் பணத்தில் அவள் முழங்கால் வரை வருகிற, கழுத்தில் ரோமம் வைத்த கனத்த கோட்டு ஒன்று வாங்கினாள். ஜனவரியில் ஒதைபாவுக்கு அந்தக் காரில்தானே போக வேண்டும் என்றாள். நியாயம்தான். பையில் இன்னொன்று இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

“எனக்கு?”

“உங்களுக்கு எதுக்குங்க? எடை கூடிடும்.”