127-ஆ, 128-ஆ?

இரவு பதினொன்றே கால். ஒஹாயோ மாநிலத்துப் பிப்ரவரி. வாசற்படியில் பனி கட்டிக் கிடக்கிறது. உப்புத் தூவச் சொல்லி மனைவி மூன்று தடவை சொல்லியாயிற்று. நம்மவர் அசையவில்லை. எக்செல் தாளில் 127-ஆவது வரியில் ஓர் அவுட்ஃபீல்டர், 128-இல் இன்னோர் அவுட்ஃபீல்டர். முதலாமவர் போன வருஷம் 22 ஹோம் ரன் அடித்தவர். இரண்டாமவர் 21தான், ஆனால் மூன்று பேஸ் கூடுதலாகத் திருடியவர். நம்மவர் இருவரையும் இடம் மாற்றுகிறார். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். பெருமூச்சு விட்டுப் பழையபடியே வைக்கிறார். இதற்கே முக்கால் மணி நேரம்.

அமெரிக்காவில் ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குள் ஆட்டக்காரர்களுக்குத் தரவரிசை போடுகிறவர் மட்டும் தனி ரகம். நம்மவர் அந்த ரகம்.

ஆட்டம் இதுதான். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு லீக் வைத்துக்கொள்வார்கள். மார்ச்சில் ஒரு நாள் கூடி, மேஜர் லீக்கில் நிஜமாக ஆடுகிறவர்களை ஒருவர் மாற்றி ஒருவர் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இந்தப் பங்குபிரிப்புக்கு டிராஃப்ட் என்று பெயர். அப்புறம் அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் அடிப்பதும் ஓடுவதும் இவர்கள் கணக்கில் புள்ளியாக ஏறும். நம் ஊரில் செல்போனில் பதினோரு பேரைப் பொறுக்கி, ஒரே மேட்ச்சோடு கைகழுவும் கிரிக்கெட் ஆட்டம் வந்ததே, அதற்கு இது பெரியப்பா முறை. ஆனால் ஒரு நாள் கூத்து அல்ல. அணி ஒன்றுக்கு 162 ஆட்டம், ஆறு மாதக் குடித்தனம்.

இதை இன்றைய வடிவில் 1980-இல் தொடங்கி வைத்தவர் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரர். அவரும் நண்பர்களும் மன்ஹாட்டனில் 'லா ரோட்டிஸரி ஃபிரான்சேஸ்' என்ற சாப்பாட்டுக் கடையில் கூடுவார்கள்; அதனால் ஆட்டத்துக்கு ரோட்டிஸரி லீக் என்று பெயர் வந்தது. ஜெயித்தவர் தலையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானத்தை ஊற்றுவது அவர்கள் சம்பிரதாயம். தான் பெற்ற பிள்ளையான இந்த ஆட்டத்தில் ஓக்ரென்ட் கோப்பையைத் தொட்டதே இல்லை என்பது லீக்காரர்களிடையே பிரசித்தம். பதினாலு வருஷமாக யூ-ஹூ தலையில் படாத நம்மவருக்கு அந்தத் தகவல் மனப்பாடம்.

சரி, எத்தனை பேரை வரிசைப்படுத்த வேண்டும்? பன்னிரண்டு அணி, அணிக்கு 23 பேர் என்றால் 276 பேர்தான் போகப்போகிறார்கள். நம்மவர் தாளில் 450 பேர் இருக்கிறார்கள். 276 இலை போடும் பந்திக்கு 450 பேரை வாசலில் நிற்கவைப்பது போல. "கடைசி நேரத்துல யார் தேவைப்படுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

கூட்டிக் கழித்து அதிக ஹோம் ரன் அடித்தவர் முதலில் என்று எழுதிவிட முடியாது. ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), பேட்டிங் சராசரி என்று மட்டைக்காரர்களுக்கு ஐந்து கணக்கு. பந்து எறியும் பிட்சர்களுக்கு வேறு ஐந்து. அதற்கு மேல் தட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர்களில் நன்றாக அடிக்கிறவர்கள் குறைவு. ஆகவே 20 ஹோம் ரன் அடிக்கும் கேட்சர், 25 அடிக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு மேலே போய் உட்கார்ந்துவிடுவார். தெருவுக்கு ஒரே பிளம்பர் என்றால் சுமாராக வேலை செய்தாலும் அவர் ராஜாதானே. இந்த அழகில் சியாட்டில் கேட்சர் கேல் ராலே 2025-இல் 60 ஹோம் ரன் அடித்துவைத்தார். முந்தைய வருஷம் 34. நம்மவர் அந்த வருஷத் தாளில் 31 ஹோம் ரன் என்று எழுதி, பக்கத்தில் 'வயது, முழங்கால், கவனம்' என்று சிவப்பில் குறிப்பு வேறு.

ஷோஹெய் ஓட்டானி இன்னொரு தலைவலி. 2024-இல் 54 ஹோம் ரன் அடித்து 59 பேஸும் திருடினார். அதுவே ஒரு கட்டத்துக்குள் அடங்காது. இதில் பந்தும் எறிகிறவர். சில தளங்களில் மட்டைக்கார ஓட்டானி ஒருவர், பிட்சர் ஓட்டானி இன்னொருவர் என்று இரண்டு ஆளாகவே பிரித்துவிட்டார்கள். நம்மவரும் இரண்டு வரி போட்டிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே உடம்பு என்பதுதான் அவருடைய கவலை.

உடம்பு! தரவரிசைக்காரருடைய தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். பிப்ரவரி நடுவில் அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் பயிற்சி முகாம் தொடங்கும். அங்கிருந்து வரும் முதல் செய்தி எல்லா வருஷமும் ஒன்றேதான்: இன்னார் வாழ்நாளிலேயே இப்போதுதான் கட்டுடலோடு வந்திருக்கிறார். பத்துப் பவுண்டு ஏற்றியவரும் கட்டுடல், பத்துப் பவுண்டு இறக்கியவரும் கட்டுடல். இது வெறும் பேச்சு என்று நம்மவருக்குத் தெரியும். தெரிந்தும் நாலு இடம் மேலே ஏற்றிவிடுவார்.

ரொனால்ட் அகூன்யா 2023-இல் 41 ஹோம் ரன், 73 பேஸ் திருட்டு. 2024-க்கான தாள்களில் முதல் பெயர் பெரும்பாலும் அவருடையதுதான். மே மாதக் கடைசியில் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அந்த வருஷம் மொத்தம் நாலே ஹோம் ரன். அதுவாவது ஆடும்போது அடிபட்டது, நியாயம். எட்வின் டியாஸ் கதையைக் கேளுங்கள். 2023 மார்ச் 15 அன்று உலக பேஸ்பால் கிளாசிக்கில் அவருடைய போர்ட்டோ ரிக்கோ ஜெயித்தது. ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் வட்டமாகக் குதித்தார்கள். குதித்ததில் முழங்கால் போனது, அந்த சீசனே போனது. டிராஃப்டை முந்தைய நாளே முடித்திருந்த லீக்குகளில் எழுந்த ஒப்பாரியைக் கற்பனை செய்துகொள்ளலாம். 2004-இல் சாமி சோசா இரண்டு தும்மல் போட்டு முதுகு பிடித்துக்கொண்டு படுத்தார். டெட்ராய்ட்டின் ஜோயல் ஸுமாயாவுக்கு 2006-இல் மணிக்கட்டு வீங்கியதற்குக் காரணம் 'கிடார் ஹீரோ' வீடியோ கேம். தும்மலுக்கும் கிடாருக்கும் எக்செலில் ஃபார்முலா இல்லை.

ஃபார்முலா போட்டவர்கள் இல்லாமலும் இல்லை. பின்னாளில் தேர்தல் கணிப்பில் பெயர் வாங்கிய நேட் சில்வர், முதலில் பெயர் வாங்கியது பெகோட்டா என்ற பேஸ்பால் கணிப்பு முறையால். டாம் டாங்கோ என்ற புனைபெயரில் எழுதுகிறவர் மார்செல் என்று ஒன்று செய்தார். கடைசி மூன்று வருஷக் கணக்கை எடுத்து, கிட்டத்து வருஷத்துக்கு ஐந்து பங்கு, அதற்கு முந்தையதற்கு நாலு, அதற்கும் முந்தையதற்கு மூன்று என்று எடை போட்டு, பொதுச் சராசரிப் பக்கம் கொஞ்சம் இழுத்து, வயதுக்குத் தட்டிக் கொட்டினால் முடிந்தது. குரங்குகூடச் செய்யக்கூடிய கணக்கு என்பதால் டி.வி. தொடர் ஒன்றில் வந்த குரங்கின் பெயரையே வைத்தார். வேடிக்கை என்னவென்றால், பெரிய பெரிய முறைகளோடு நிறுத்திப் பார்த்தால் மார்செல் அப்படியொன்றும் பின்தங்கிவிடுவதில்லை. நம்மவர் ஒன்பது நிறத்தில் தாள் தயாரிக்கும் வீட்டில் இந்தக் குரங்கின் பேச்சை எடுக்கக் கூடாது.

அவர் கும்பிடும் ஆள் ஒருவர் உண்டு: ஓக்லாந்தில் ஆடிய கிரிஸ் டேவிஸ். 2015 முதல் 2018 வரை நாலு வருஷமும் அவருடைய சராசரி .247. மாறவே இல்லை. அதிலும் கண்பட்டுவிட்டது; 2019-இல் .220.

டிராஃப்ட் இரவு. நண்பர் வீட்டு அடித்தளத்தில் பன்னிரண்டு மடிக்கணினிகள், ஆறிய பீட்ஸா. சீட்டுக் குலுக்கியதில் நம்மவருக்குப் பன்னிரண்டாவது நாற்காலி. பாம்பு போல வளைந்து திரும்பும் முறை என்பதால் 12, 13 இவருடையது. பிறகு இருபத்திரண்டு பேர் போகும்வரை நகம் கடித்தால் 36, 37. முதல் பத்துச் சுற்றும் தாளின்படியே நடந்தது. பதினோராவது சுற்றின் கடைசி வாய்ப்பு வந்தபோது அந்த இரண்டு அவுட்ஃபீல்டர்களும் அப்படியே நின்றார்கள். நம்மவர் இருவரையும் விட்டுவிட்டு, தாளில் 203-ஆவதாக இருந்த, சொந்த மாநிலத்து அணியான கிளீவ்லாண்டின் ஆட்டக்காரரை எடுத்தார்.

"மறுபடியும் கிளீவ்லாண்டா?"

"பேட் சுத்துற கோணத்தை மாத்தியிருக்காருப்பா. வீடியோ பாத்தேன்."

பாம்பு திரும்பும் இடம், அடுத்ததும் அவருக்கே. அறுபது நொடி. 127 மேல் கர்சரை வைத்தார். 128-க்கு நகர்த்தினார். திரும்ப 127. மூன்று பேஸ். ஒரு ஹோம் ரன். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. கணினி தானாகவே அவர் தாளைப் பார்த்து, அரை நொடியில் 127-ஐ எடுத்துக் கொடுத்தது.

பதினோராவது நாற்காலிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 128-ஐத் தட்டினார். மூன்று பேஸ் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மவருக்கு அப்போதுதான் உறைத்தது.