கூரைத் தட்டும் கரவெட்டியும்

ஸ்காபரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

"உவன் அங்கை என்ன வேலை செய்யிறான்?" எண்டு நெல்லியடிச் சந்தையிலை கேக்கினமாம், என்ன சொல்ல எண்டு எழுதியிருந்தியள். களஞ்சியத்திலை கணக்குப் பாக்கிறான் எண்டு சொல்லுங்கோ. இலக்கத்தை எழுத்தாக்கிற வேலை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. சாத்திரி எண்டு நினைச்சுச் சாதகக் கட்டோடை வந்திடுவினம்.

உண்மை என்னவோ அதுதான். சாமான் தட்டுகளுக்கு இனி இலக்கம் வேண்டாம், எழுத்துத்தான் வேணும் எண்டு எங்கடை மனேஜருக்கு ஒரு ஞானம் பிறந்திட்டுது. எக்செல்லிலை 'சார்' எண்டொரு சூத்திரம் இருக்கு. 65 குடுத்தால் இங்கிலீசு ஏ, 66 குடுத்தால் பி. மனிசன் தட்டு இலக்கத்தோடை 64ஐக் கூட்டி, சூத்திரத்தைக் கீழை இழுத்து விட்டார். 26ஆம் தட்டு இசட், அதுவரை சோக்கு. 27க்குச் சதுர அடைப்புக்குறி. 28க்குச் சரிஞ்ச கோடு. 29க்கு மற்ற அடைப்புக்குறி. 30க்கு ஒரு கூரை. 31க்கு நிலத்திலை கிடக்கிற கோடு. 32க்கு இலையான் எச்சம் மாதிரி ஒரு கீறல். 33இலை ஏ திரும்பி வருது, ஆனால் சின்ன ஏ.

அச்சடிச்சு ஒட்டினதை மாத்தேலாதாம். இப்ப "கூரையிலை ரெண்டு பெட்டி எடு" எண்டால் புதுப் பெடியன் ஏணியைத் தூக்குறான். நிலக்கோட்டுத் துண்டை ஊத்தையெண்டு நினைச்சுக் கூட்டிற மனிசி உரிச்செறிஞ்சிட்டா. அந்தத் தட்டுக்கு இப்ப பேரே இல்லை.

மத்தியானம் நான் ஊரை எழுதிப் பாத்தன். சார் 255ஐத் தாண்டாது. தமிழுக்கு 'யூனிசார்' வேணும், அது எக்செல் 2013ஓடை வந்தது. 2965, 2992, 2997, 3014, 2975, 3021, 2975, 3007. கொம்புக்கொண்டு, குற்றுக்கொண்டு, விசிறிக்கொண்டு எண்டு எல்லாத்துக்கும் தனித்தனி இலக்கம். சேத்துவிட, கரவெட்டி வந்து நிண்டுது. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பாத்து, லொத்தர் இலக்கமோ எண்டான்.

ஆனால் அம்மா, ஒரு கோபம். க 2965 எண்டால் ங 2966 தானே? இல்லை, 2969. இடையிலை குடுத்தால் வெறும் பெட்டிதான் வரும். தேவநாகரி வரிசையை வைச்சு அளந்ததாலை, எங்களிட்டை இல்லாத எழுத்துகளுக்கும் யூனிகோட்காரர் இடம் விட்டிருக்கினம். ர-வுக்குப் பிறகு ற, ல, ள, ழ வந்து, அதுக்குப் பிறகுதான் வ. அரிசியிலை விரல் பிடிச்சு நீங்கள் எழுதுவிச்ச வரிசையே உது?

பிறகு 3059இலை இருந்து தட்டிப் பாத்தன். ௳, ௴, ௵. அப்புவின்ரை பழைய காணி உறுதியிலை கிடந்த நாள், மாதம், வருசம்! 3062 பற்று, 3063 வரவு, 3064 மேற்படி, ௸. அதைப் பெரிசாக்கிப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். சாப்பாட்டு நேரம் போட்டுது.

தம்பி தான் அனுப்பின கோயில் உபயகாரர் பட்டியலைப் பாமினி எழுத்துருவிலை அடிச்சிருக்கிறான். இஞ்சை திறந்தால் முழுக்க இங்கிலீசுக் குப்பை. பாமினியின்ரை 'அ' உள்ளுக்கை வெறும் சின்ன எம்தான், 109. யூனிகோட்டிலை திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ. ஆர் எவ்வளவு பாக்கி எண்டு தெரியாமல் இஞ்சை நான் ஆரிட்டைக் காசு கேக்கிறது?

சுகம் கேட்டிருந்தியள். தடிமன் இன்னும் விடேல்லை. குளிர் ௸. சம்பளம் ௸.

அன்பு மகன்